சாதோக் என்னும் ஆசாரியன்: ஹாண்டெலின் முடிசூட்டுப் பாடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் ஆலயப் பாடகர் குழு கிறிஸ்து அரசர் ஞாயிறுக்காக இசையமைப்பாளர் ஹாண்டெலின் ‘ஸேடாக் த பிரீஸ்ட்’ (ஆசாரியனாகிய சாதோக்) என்ற ஆங்கிலப் பாடலைப் பழகி வருகிறது. பயிற்சி தொடங்கிய நாள் முதல் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும், சபையாரும், பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரல் பாடுகிறவன். இந்தப் பாட்டின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் பதில்களில் தெரிந்தால், அதை மறைக்க நான் முயலவில்லை.

இது எந்த வசனத்தில் இருந்து எடுத்த பாட்டு?

பழைய ஏற்பாட்டில் 1 இராஜாக்கள் முதலாம் அதிகாரம், 38 முதல் 40 வரையுள்ள வசனங்களின் சுருக்கம் இது. ஆசாரியனாகிய சாதோக்கும் தீர்க்கதரிசியாகிய நாத்தானும் சாலொமோனை ராஜாவாக அபிஷேகம் செய்கிறார்கள். ஜனங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டு, ராஜா வாழ்க என்கிறார்கள். பாட்டின் சொற்கள் அவ்வளவுதான். அதன்பிறகு வருவதெல்லாம் ஆமென், அல்லேலூயா.

அந்த அதிகாரத்தை முழுதாக ஒருமுறை வாசித்துவிட்டுப் பயிற்சிக்கு வாருங்கள். தாவீது கிழவராகி, எத்தனை போர்வை போர்த்தியும் குளிர் விடாமல் படுத்திருக்கிறார். அதற்குள் அவருடைய மகன் அதோனியா ஆடுமாடுகளை அடித்து விருந்து வைத்துத் தன்னைத்தானே ராஜா என்று சொல்லிக்கொள்கிறான். நாத்தானும் சாலொமோனின் தாய் பத்சேபாளும் தாவீதிடம் போய்ச் சொல்கிறார்கள். உடனே சாலொமோனைத் தாவீதின் கோவேறு கழுதையின் மேல் ஏற்றிக் கீகோனுக்கு அழைத்துப் போகிறார்கள். கூடாரத்திலிருந்து தைலக்கொம்பு வருகிறது, எக்காளம் முழங்குகிறது. விருந்து முடிந்து எழுந்திருக்கும் வேளையில் அந்தச் சத்தம் அதோனியாவின் காதில் விழுகிறது. அவன் பக்கம் சேர்ந்திருந்த படைத்தலைவன் யோவாப், ஊரில் என்ன சத்தம் என்று கேட்கிறான். சற்று நேரத்தில் விருந்தாளிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுகிறார்கள்.

பட்டம் யாருக்கு என்ற இழுபறிக்கு நடுவில், அவசரமாக நடந்த அபிஷேகம் அது. அது தெரிந்து பாடினால் ‘ஜனங்களெல்லாரும் சந்தோஷித்தார்கள்’ என்ற வரியில் ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும்.

ஹாண்டெல் இதை எப்போது, யாருக்காக எழுதினார்?

1727இல். அந்த ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். அவருடைய மகன் இரண்டாம் ஜார்ஜும் ராணி கரோலினும் அக்டோபர் 11 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் முடிசூட்டிக்கொண்டார்கள். அந்த ஆராதனைக்காக ஹாண்டெல் நான்கு பாடல்கள் எழுதினார். அவற்றில் ஒன்று இது.

ஹாண்டெல் 1685இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் பிறந்தவர். 1727 தொடக்கத்தில்தான் அவருக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. முடிசூட்டுப் பாடல்களுக்கான வசனங்களை ஆயர்கள் எழுதி அனுப்பியபோது, ‘என் வேதாகமத்தை நான் நன்றாக வாசித்திருக்கிறேன், நானே தேர்ந்துகொள்கிறேன்’ என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் இசை வரலாறு எழுதிய சார்லஸ் பர்னி அதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் இந்த வசனம் ஹாண்டெலுக்கு மிகவும் முந்தியது. 973இல் பாத் நகரில் எட்கர் மன்னருக்கு முடிசூட்டியபோதே இது பாடப்பட்டது. 1661இல் இரண்டாம் சார்லஸுக்காக ஹென்றி லாஸ் இதே சொற்களுக்கு வேறு இசை எழுதினார். ஹாண்டெலின் இசை வந்தபிறகு வேறு இசைக்கு இடமில்லாமல் போயிற்று. 1727 முதல் 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டியது வரை ஒவ்வொரு பிரிட்டிஷ் முடிசூட்டிலும் இதுவே பாடப்பட்டிருக்கிறது.

காலத்தை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இந்தப் பாட்டு முதலில் ஒலித்த ஆண்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயம் கட்டி முடித்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்கரை ரயிலில் போகும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடகர்கள் வாய் திறக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பாட்டின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

மொத்தப் பாட்டும் ஐந்தரை, ஆறு நிமிடம். அதில் முதல் 22 பார்களுக்கு (பார் என்பது இசைப் பிரதியில் ஒரு தாளக் கட்டம்) பாடகர்களுக்கு வேலை இல்லை. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும். வயலின்கள் மெல்ல ஏறி ஏறி இறங்கும் சின்னச் சின்னச் சுரங்களைப் பின்னிக்கொண்டே போகும். அடியில் மற்ற தந்தி வாத்தியங்கள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும். ஓபோ என்னும் குழல் வாத்தியங்கள் நீண்ட சுரங்களைப் பிடித்திருக்கும். பாடும்படியான மெட்டு என்று ஒன்றும் வராது. ஒவ்வொரு பாரிலும் ஸ்வரக்கூட்டு மட்டும் நகரும். இப்போது முடியும் என்று நினைக்கும் இடத்தில் வேறு பக்கம் திரும்பும். டிரம்பெட்டும் டிம்பனி என்னும் பெரிய முரசும் அந்த 22 பார்களிலும் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை.

23ஆம் பாரில் ஏழு குரல் பிரிவுகளும் மூன்று டிரம்பெட்டுகளும் டிம்பனியும் ஒரே கணத்தில் நுழைகின்றன. உயர்ந்த குரலில் இருந்து தாழ்ந்த குரல் வரை வரிசையாக, இரண்டு சோப்ரானோ, இரண்டு ஆல்டோ, ஒரு டெனர், இரண்டு பேஸ். அந்த ஒரு சொல் ‘ஸேடாக்’. பாட்டு அதுவரை அழகாக மட்டும் இருந்தது, அந்த நொடியில் சுவர் அதிர்கிறது.

பயிற்சியில் நேரம் மிச்சமாகும் என்று 20ஆம் பாரில் இருந்து தொடங்கிப் பார்த்தோம். சுரம் எல்லாம் சரியாக இருந்தது, சத்தமும் இருந்தது. ஆனால் கேட்டவர் யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. அதே மாலை முதல் பாரில் இருந்து வாசிக்கச் சொன்னோம். 22 பார்களும் காத்திருந்து பாடியபோது, கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். அன்று முதல் நாங்கள் முன்னிசையை ஒருபோதும் வெட்டுவதில்லை.

முடிசூட்டில் இந்தப் பாட்டு வரும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசருக்குத் தைலம் பூசும் வேளையில் இதைப் பாடுகிறார்கள். அந்தச் சடங்கை யாரும் பார்க்கக் கூடாது. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டைத் தொலைக்காட்சி காட்டியபோதும் அபிஷேகத்தைக் காட்டவில்லை. 2023இலும் திரை கட்டி மறைத்தார்கள். அந்த நேரத்தில் சபைக்கு இருப்பது காது மட்டும்.

வெள்ளைக்கார ராஜாவுக்காக எழுதிய பாட்டை நம் ஆலயத்தில் ஏன் பாட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் குழுவிலேயே ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி, கோபத்தோடும் கேட்டான். அவனுடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எந்த ராஜாவுக்காக அவர் சுமந்தார் என்று அவனுக்குத் தெரியும்.

என் பதில் இது. பாட்டின் சொற்களில் ஜார்ஜ் என்ற பெயர் இல்லை, சாலொமோன் என்ற பெயர்தான் இருக்கிறது. லண்டன் அரண்மனை அந்த வசனத்தைக் கடன் வாங்கியது. கடன் வாங்கியவர் பொருளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அந்த வேதாகமம் அவர்கள் கையில் இருப்பதைப் போலவே நம் கையிலும் தமிழில் இருக்கிறது. நாம் இதைக் கிறிஸ்து அரசர் ஞாயிறு அன்று பாடுகிறோம். அன்று ‘ராஜா என்றென்றைக்கும் வாழ்க’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதில் சபைக்குச் சந்தேகம் இல்லை. பாட்டுக்கு முன்னால் 24ஆம் சங்கீதத்தில் ‘மகிமையின் ராஜா’ வரும் வசனங்களை வாசிப்பதும் அதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. பாட்டில் ஆசாரியனுக்கும் தீர்க்கதரிசிக்கும் ராஜாவுக்கும் கிடைப்பது சில வரிகள். மிச்சம் எல்லாம் ஜனங்கள் போடும் சத்தம். பாடகர் குழு பாடுவது அரண்மனையின் குரலில் அல்ல, கீகோனில் கூடி நின்ற கூட்டத்தின் குரலில். அந்தத் தம்பி இப்போது இரண்டாம் பேஸ் பாடுகிறான். முழுச் சமாதானம் ஆகிவிட்டதாக அவன் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அப்படியானால் தமிழில் பாடலாமே?

முயன்று பார்த்தோம். கீர்த்தனைகளையும் பாமாலைகளையும் தமிழில் பாடி வளர்ந்தவர்கள் நாங்கள், தமிழில் பாட ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ‘காட் சேவ் த கிங்’ என்ற நான்கு அசைகளை ஹாண்டெல் நான்கு அடிகளாக அடிக்கிறார். ‘ராஜாவாகிய சாலொமோன் வாழ்க’ என்பதை அதற்குள் அடைத்தால் தமிழ் நசுங்குகிறது. ‘வாழ்க’ என்பதை மட்டும் வைத்தால் அடிகள் வெறுமையாகத் தொங்குகின்றன. ஆகவே பாட்டை ஆங்கிலத்திலேயே பாடுகிறோம், அதற்கு முன் வசனத்தைத் தமிழில் உரக்க வாசிக்கிறோம்.

தமிழ் வேதாகமத்தில் 40ஆம் வசனத்தைக் கட்டாயம் வாசியுங்கள். ஜனங்கள் ‘நாகசுரங்களை ஊதி’, பூமி அவர்கள் சத்தத்தினால் அதிரும்படி சந்தோஷித்தார்கள் என்று இருக்கும். எபிரெயத்தில் இருப்பது குழல் வகை வாத்தியம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்து நாகசுரம் என்று போட்டிருக்கிறார்கள். ஹாண்டெல் எடுத்துக்கொண்ட சொற்களில் அந்தக் குழலும் இல்லை, பூமி அதிர்வதும் இல்லை. சொல்லில் விட்டதை அவர் டிரம்பெட்டிலும் டிம்பனியிலும் வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் நாகசுரத்தையே சேர்க்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. டிரம்பெட்டும் நாகசுரமும் ஒரே கூரையின் கீழ் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ஆராதனை முடிந்து சபை வெளியே வரும்போது வாசலில் நாகசுரம் வாசிக்க ஏற்பாடு செய்யலாம் என்று மூத்த ஆல்டோ அக்கா ஒருவர் சொன்னார். அது நல்ல யோசனை.

இது சாம்பியன்ஸ் லீக் பாட்டு மாதிரி இருக்கிறதே?

வியாசர்பாடிப் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி! அவர்கள் காது தப்பவில்லை. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் ஒலிக்கும் அந்தப் பாட்டை 1992இல் டோனி பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர் ஹாண்டெலின் இந்தப் பாட்டைத் தழுவி அமைத்தார். அதன் சொற்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் கலந்தவை.

போன மாதம் ஒரு மாலை மைதானத்தில் இருந்து திரும்பிய நான்கு பையன்கள் சைக்கிளை எங்கள் ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். முழங்கால் வரை செம்மண், ஒருவன் கையில் பூட்ஸைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தான். 23ஆம் பாரில் நாங்கள் நுழைந்ததும், மெஸ்ஸி இறங்குவதற்காக மைதானத்தில் வரிசையாக நிற்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தித் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முடியும்வரை அசையவில்லை. அவர்களில் ஒருவன் இப்போது ஆல்டோ வரிசையில் நிற்கிறான், குரல் இன்னும் உடையவில்லை.

ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது?

ஹாண்டெல் கேட்பது தந்தி வாத்தியங்கள், இரண்டு ஓபோ, இரண்டு பஸூன் (தாழ்ந்த ஒலியுள்ள குழல்), மூன்று டிரம்பெட், டிம்பனி, ஆர்கன். முழுதாகச் சேர்ப்பது நம் வசதிக்கு எட்டாது. நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

வயலின் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதது. கீபோர்டில் தந்தி ஒலியை வைத்து முன்னிசையை வாசித்தால் சுரம் வரும், மூச்சு வராது. நான்கு வயலின் கிடைத்தாலும் போதும், மிச்சத்தைக் கீபோர்டு தாங்கிக்கொள்ளும். கடற்காற்று ஈரத்தில் தந்திகள் இளகிச் சுருதி நழுவும். ஆகவே வாசிப்பவர்கள் முக்கால் மணி நேரம் முன்பே ஆலயத்துக்குள் வந்து வாத்தியத்தைத் திறந்து வைத்து, பாடுவதற்குச் சற்று முன் மறுபடியும் சுருதி சேர்க்க வேண்டும்.

டிரம்பெட்டுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. கல்யாணத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் மாதா தேர்பவனிக்கும் வாசிக்கும் பேண்டு செட் கலைஞர்கள் ஓட்டேரியில் இருந்து தண்டையார்பேட்டை வரை இருக்கிறார்கள். அவர்களுடைய மூச்சின் பலம் பெரியது. சிக்கல் ஒன்றுதான். பாட்டு டி மேஜர் என்ற சுருதியில் இருக்கிறது, ஏனென்றால் ஹாண்டெல் காலத்து டிரம்பெட்டுக்கு வால்வு கிடையாது, டி சுரத்தில் செய்த குழல் அந்தச் சுருதியில்தான் முழங்கும். இன்றைய பி பிளாட் டிரம்பெட்டில் அதை வாசிக்க ஒரு முழுச் சுரம் மேலே மாற்றி எழுத வேண்டும், அப்போது நான்கு ஷார்ப் (சுரத்தை அரைப்படி உயர்த்தும் குறி) வந்துவிடும். பேண்டு செட் பாட்டுகளில் பெரும்பாலும் பிளாட் (அரைப்படி தாழ்த்தும் குறி) வரும் என்பதால் விரல் தடுமாறும். மாற்றி எழுதிய பிரதியை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். காது கூர்மையானவர்கள், பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கல்யாணத்துக்குக் கொடுக்கும் தொகையையாவது கொடுங்கள். ஆலயம் என்பதற்காகக் குறைக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது.

ஓபோவுக்குப் பதில் கிளாரினெட். டிம்பனிக்குக் கீபோர்டு போதும், அதற்கு டி, ஏ என்ற இரண்டே சுரம்தான்.

ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறி) தெரியாது. சேரலாமா?

தாராளமாக. நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாக டோ, ரே, மி என்று எழுத்தில் குறிக்கும் டானிக் சோல்ஃபாவில்தான் பாடி வந்திருக்கிறோம். எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். டி மேஜர் என்றால் டி தான் ‘டோ’. ஆமென் வரும் இடத்தில் வேகமாக ஓடும் சுரக் கோவைகளை மட்டும் சோல்ஃபாவில் தாளம் பிசகாமல் படிப்பது கடினம், அதைக் காதால் கற்றுக்கொடுக்கிறோம். பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஹாண்டெல் 1759இல் இறந்தவர், அவருடைய இசைக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை.

உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டை. முதலாவது, பாட்டின் முதல் ஒலி. ‘சேடாக்’ என்றோ ‘ஜேடாக்’ என்றோ சொல்லிவிடுகிறோம். தேனீ ரீங்கரிப்பதுபோல் பல்லுக்குப் பின்னால் அதிர வேண்டும். அந்த அதிர்வு அடிக்குச் சற்று முன்பே தொடங்கினால்தான் உயிரெழுத்து அடியின் மேல் விழும்.

இரண்டாவது, சொல்லின் கடைசி. தமிழில் வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடிவதில்லை, ஆகவே நம் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்க்கும். நாற்பது பேர் சேர்ந்து ‘காடு சேவு த கிங்கு’ என்று பாடினால் நான்கு அடி ஏழு அடியாகிவிடும். நாக்கை வைத்த இடத்தில் வைத்து நிறுத்துங்கள். சோப்ரானோக்கள் உயரமான இடங்களில் கழுத்தைத் தூக்காதீர்கள், முதுகை நிமிர்த்துங்கள்.

சபையார் எழுந்து நிற்க வேண்டுமா?

தேவையில்லை. ஹாண்டெலின் இன்னொரு படைப்பான ‘மேசியா’வின் அல்லேலூயா கோரஸுக்கு நிற்கும் வழக்கம் இதே இரண்டாம் ஜார்ஜ் எழுந்து நின்றதால் வந்தது என்பார்கள், அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. உட்கார்ந்தே கேளுங்கள். எழுந்திருக்கத் தோன்றினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

தவறான இடத்தில் நுழைந்துவிட்டால்?

இது எனக்கு நடந்தது. நான் குழுவில் சேர்ந்த புதிதில், வேறொரு ஆலயத்தில் இதே பாட்டு. எண்ணிக்கொண்டே வந்தவன் 14, 15 பக்கம் எங்கோ ஒன்றை விட்டுவிட்டு, 22ஆம் பாரில் தனியாக ‘ஸேடாக்’ என்று நுழைந்துவிட்டேன். ஒரு அசைதான், வாயை மூடிவிட்டேன். ஆனால் காத்திருந்த சபை அத்தனையும் திரும்பிப் பார்த்தது. அன்று இரவு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத்தான் 1727இல் நடந்ததை வாசித்தேன். முடிசூட்டை நடத்திய பேராயர் வில்லியம் வேக் தம்முடைய ஆராதனைப் பிரதியின் ஓரத்தில், பாடல்கள் எல்லாம் குழப்பம், இசை முழுவதும் ஒழுங்கு தவறிற்று என்று எழுதி வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் பாட வேண்டிய ஒரு பாட்டு பாடகர் குழுவின் கவனக்குறைவால் பாடப்படவே இல்லையாம். ஹாண்டெலின் பாட்டு அந்தக் குழப்பத்தைத் தாண்டி வந்து நிற்கிறது.

இப்போது எங்கள் குழுவில் இரண்டு ஏற்பாடுகள். எல்லாருடைய பிரதியிலும் முதல் பக்கத்தில் 1 முதல் 22 வரை பென்சிலால் எண் போட்டிருக்கிறோம், பேனாவால் அல்ல, பிரதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்துடன் கீபோர்டு வாசிக்கும் அக்கா 21ஆம் பார் வந்ததும் தலையை உயர்த்தி எங்களைப் பார்ப்பார். 22ஆம் பாரில் அவர் மூச்சை இழுப்பார், நாங்களும் அவரோடு இழுப்போம்.